'புஸ்' என்று போன தோட்டா

கேள்வி: என் .357 மேக்னம் ரிவால்வருக்கு நானே தோட்டா நிரப்புகிறேன். வெடிமருந்து எச்110 என்ற வகை. பயந்துகொண்டு, கையேட்டில் உள்ளதைவிட 10 சதவீதம் குறைத்தே போடுகிறேன். போன முறை ஒரு தோட்டா 'புஸ்' என்று மட்டும் போனது. மீதியைச் சுடலாமா?

பதில்: வேண்டாம், ஒன்றுகூடச் சுட வேண்டாம். அந்தக் குண்டு வெளியே போனதா, குழலுக்குள்ளேயே நிற்கிறதா என்று பார்த்தீர்களா? உள்ளே நிற்கும்போது அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், இல்லையேல் பிளக்கும். வெடிச் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். பிறகு சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, துப்புரவுக் கம்பியை மெதுவாக விட்டுப் பாருங்கள். தடுத்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்பது பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தும். எச்110 அந்தக் கணக்கில் சேராது. மெதுவாக எரியும் மருந்து. தோட்டாவின் உலோகக் கூடு நிறைந்திருந்து, குண்டைக் கூட்டின் வாய் இறுகப் பிடித்து, வீரியமான மேக்னம் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பொட்டு) இருந்தால்தான் அழுத்தம் ஏறி முழுதாக எரியும். இல்லாவிட்டால் பாதியில் அணையும். குழலில் எரியாத மணிகள் கிடக்கும். அச்சிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நீங்கள் குறைத்தது 10. வின்செஸ்டர் 296 என்று விற்பதும் இதே மருந்துதான், டப்பா வேறு என்பதால் விதி தளராது. இவ்வளவு முக்கியமான வரியை எறும்பு எழுத்தில் ஓரமாகப் போட்டால் யார் கண்ணில் படும்? கேட்டால் 'அதுதான் அச்சிட்டிருக்கிறோமே' என்பார்கள்.

மீதித் தோட்டாக்களைப் பிரித்துவிடுங்கள். அந்த மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டாதீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன்: மருந்து முத்திரை உடையாத டப்பாவில் வந்ததா, யாரோ ஒருவர் பாட்டிலில் அளந்து கொடுத்ததா? மலிவாகத் தருகிறேன் என்று உதிரி மருந்து விற்கும் தரகர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பழைய டப்பாவின் பெயரைச் சொல்வார்கள், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். வேகமாக எரியும் மருந்தை எச்110-இன் அளவில் போட்டால் 'புஸ்' என்று போகாது, சிலிண்டரே சிதறும். பெயர் தெரியாத மருந்தைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண யாராலும் முடியாது. தனியாட்கள் கையால் நிரப்பி விற்கும் தோட்டாக்களும் அப்படித்தான், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது. பாட்டில் மருந்தென்றால், தோட்டாக்களைப் பிரிப்பதற்கு முன் முதலில் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.