வெளியாரிடம் யோசனை கேட்டால் என் தொழில் கைவிட்டுப் போகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கேன்வாஸ் பைகள் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். உதவிக்கு ஆள் கிடையாது, வெட்டுவது முதல் பார்சல் கட்டுவது வரை நான்தான். வாடிக்கையாளர்கள் அடிக்கடி "இப்படி ஒரு பை செய்யுங்களேன்" என்று யோசனை அனுப்புகிறார்கள். இதே தொழிலில் இருக்கும் இரண்டு பேர், சேர்ந்து புது டிசைன் செய்யலாம் என்கிறார்கள். ஒரு பயிற்சி வகுப்பில் 'ஓப்பன் இன்னோவேஷன்' பற்றிச் சொன்னார்கள், ஆனால் காட்டிய உதாரணமெல்லாம் பெரிய கம்பெனிகள். தனியாளுக்கு இது ஒத்துவருமா? டிசைனைத் திருடிவிட மாட்டார்களா? யாரோ சொன்ன யோசனையை நான் செய்தால் அவருக்குப் பணம் தர வேண்டுமா?

பதில்: ஒத்துவரும். ஆனால் கதவை அகலத் திறந்து வைத்து "யோசனை சொல்லுங்கள்" என்று எல்லோரையும் கேட்பதுதான் ஓப்பன் இன்னோவேஷன் என்று நினைத்திருந்தால், அதை முதலில் விட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால் உங்கள் இன்பாக்ஸ் நிரம்பும், வேலை நடக்காது.

அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ 2003இல் இந்தப் பெயரில் ஒரு கருத்தை முன்வைத்தார். அறிவு ஒரு நிறுவனத்துக்குள் வெளியிலிருந்து வரலாம், உள்ளே தூங்கிக்கொண்டிருப்பது வெளியே போயும் பலன் தரலாம், இரண்டையும் திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அவர் பார்த்தது சொந்த ஆய்வுக்கூடம் வைத்திருந்த பெரிய நிறுவனங்களை. உங்களுக்கு ஆய்வுக்கூடம் இல்லை, அதனால் வெளியிலிருந்து கற்றுக்கொள்வதை நீங்கள் எப்போதோ ஆரம்பித்துவிட்டீர்கள்: மெஷின் ரிப்பேர் செய்பவர் எந்த ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருப்பார், நூல் விற்பவர் எந்த நூல் அறாது என்று சொல்லியிருப்பார். இதுவரை அது தற்செயலாக நடந்தது. இனி என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, என்ன நிபந்தனையில் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து கேட்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது கேள்வியை. யோசனை கேட்காதீர்கள், பிரச்சினையைச் சொல்லுங்கள். "புதுசா என்ன பை செய்யலாம்?" என்று கேட்டால் ஆளுக்கொரு ஆசையைச் சொல்வார்கள், அதில் பாதியை அவர்களே வாங்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "பையில் 10 கிலோ வைத்துத் தோளில் மாட்டினால், வார் பையோடு சேரும் இடத்தில் சில வாரங்களில் கிழிகிறது. நூல் அறுவதில்லை, துணிதான் தையல் கோட்டோடு கிழிகிறது. என்னிடம் இருப்பது சாதாரண வீட்டு மெஷின், கேன்வாஸ் நாலு மடிப்புக்கு மேல் ஊசி இறங்காது. வெளியே தையல் தெரியக் கூடாது என்று கட்டாயமில்லை." என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, உங்களால் எது முடியாது, எதில் விட்டுக்கொடுப்பீர்கள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. சுமை தூக்கும் வார்களைத் தைத்துப் பழகிய ஒருவர் இதைப் படித்தவுடன் சொல்லிவிடுவார்: ஒரே கோட்டில் நெருக்கமாகத் தைத்தால் ஊசித் துளைகளே துணியைக் கிழிக்கும் கோடாகிவிடும், அதனால் தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள், வார் முனையில் ஒரு சதுரம் தைத்து அதற்குள் குறுக்காக எக்ஸ் போடுங்கள், உள்பக்கம் ஒரு ஒட்டுத் துணி கொடுங்கள் என்று. உங்கள் டிசைனில் ஒரு வரியைக்கூட நீங்கள் வெளியே சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்புறம், யாரிடம் கேட்பது? பை தைப்பவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். எலி லில்லி மருந்து நிறுவனம் 2001இல் தொடங்கிய இன்னோசென்டிவ் என்ற தளத்தில், கம்பெனிகள் தங்களுக்குத் தீராத அறிவியல் சிக்கல்களைப் பொதுவில் வைத்துத் தீர்வுக்குப் பரிசு தந்தன. அதில் வந்த தீர்வுகளை லார்ஸ் போ யெப்பசென், கரீம் லக்கானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். சிக்கல் ஒருவருடைய சொந்தத் துறைக்கு எவ்வளவு தள்ளி இருந்ததோ, அந்த அளவுக்கு அவர் அதைத் தீர்க்கும் வாய்ப்பு கூடியிருந்தது. உங்கள் வார்ப் பிரச்சினைக்குக் கூடாரம் தைப்பவர், சோஃபா உறை தைப்பவர், நாய்களுக்கு வார்ப்பட்டை செய்பவர் ஆகியோரிடம் போங்கள். அவர்கள் உங்களுக்குப் போட்டியும் இல்லை, அதனால் மனம் விட்டுப் பேசுவார்கள்.

வாடிக்கையாளர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. எம்ஐடி பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல், ஒரு தேவையைச் சந்தையில் மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்து தானே ஏதாவது செய்து சமாளிக்கும் பயனர்களைத் தனியாக அடையாளம் காட்டினார். மவுன்டன் பைக் அப்படிப் பிறந்ததுதான். 1970களில் மலைச்சரிவில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் பழைய சைக்கிள்களைத் தாங்களே பிரித்து மாற்றிக்கொண்டார்கள், கம்பெனிகள் பின்னால்தான் வந்தன. உங்கள் பையை வாங்கி, வாரைச் சுருக்கித் தைத்தவர், உள்ளே தானாக ஒரு பாக்கெட் வைத்துக்கொண்டவர், ஜிப்பை எடுத்துவிட்டுப் பட்டன் போட்டவர் யார் என்று தேடுங்கள். "பை பிடித்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு வரும் பதில் மனசுக்கு இதமாக இருக்கும், தொழிலுக்கு உதவாது. பை போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து "பையில் எதையாவது மாற்றினீர்களா? இருந்தால் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் வீட்டுத் தொழில்களுக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை.

இன்னொரு வழி கம்பளிப் பின்னல்காரர்களிடம் இருக்கிறது. ராவெல்ரி என்ற தளம் 2007இல் வந்தது. பின்னல் பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற செய்முறைக் குறிப்பு) எழுதுபவர்கள் அதை விற்பனைக்கு விடும் முன்பு சிலரிடம் இலவசமாகக் கொடுத்துப் பின்னிப் பார்க்கச் சொல்வது அங்கே சர்வசாதாரணம். எவ்வளவு நூல் செலவானது, எந்த வரி புரியவில்லை, அளவு எங்கே தப்புகிறது என்று அவர்கள் எழுதித் தருவார்கள். நீங்களும் புது மாடலில் நாலைந்து சாம்பிள் தைத்து, அதிகம் பயன்படுத்தக்கூடியவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சரி, திருட்டுப் பயத்துக்கு வருவோம். அது நியாயமான பயம்தான், ஆனால் நீங்கள் பூட்டி வைக்க நினைப்பதைப் பூட்ட முடியாது. பையை ஒருவர் விலைக்கு வாங்கித் தையலைப் பிரித்தால் அதன் வடிவம் முழுக்க அவர் கையில். விற்பனைக்கு வந்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற எதையும் ரகசியம் என்று நம்பாதீர்கள். பையைப் பார்த்தால் தெரியாத விஷயங்கள் உங்களிடம் இருக்கின்றன: துணி எங்கே வாங்குகிறீர்கள், ஒரு பைக்கு எவ்வளவு அடக்கம், துணியில் பேட்டர்ன்களை எப்படி அடுக்கினால் கழிவு குறைகிறது, எந்த வரிசையில் தைத்தால் நேரம் மிச்சம், வாடிக்கையாளர் பட்டியல். இவற்றைக் காப்பாற்றுங்கள், யாரிடமும் விளக்காதீர்கள், நண்பராக இருந்தாலும். பல நாடுகளின் சட்டம் வணிக ரகசியத்தைக் காக்கிறது, ஆனால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருந்தால்தான்.

ஆர்டுயினோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில் உருவான அந்தச் சிறிய மின்னணு போர்டின் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்தே விட்டார்கள். நகல்கள் ஏராளமாக வந்தன. ஆனால் 'ஆர்டுயினோ' என்ற பெயரை வணிக முத்திரையாகத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் பெயரும் லேபிளும்தான் முதலில் பதிவு செய்ய வேண்டியவை. ஒரே ஒரு எச்சரிக்கை: உண்மையிலேயே புதிதான ஒரு கொக்கியையோ பொறியமைப்பையோ கண்டுபிடித்து, காப்புரிமை (பேட்டன்ட்) எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பு அதை எங்கும் காட்டாதீர்கள். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்ட பிறகு ஒரு வருட அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. உங்கள் நாட்டு விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. "பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் கொடுங்கள்" என்று ஒருவர் சொன்னதற்காக அவருக்கு நீங்கள் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் ஒருவர் வரைந்து அனுப்பிய படம், எழுதிய பேட்டர்ன், உருவாக்கிய பிரின்ட் எல்லாம் அவருடையவை. எழுத்தில் அனுமதி வாங்காமல் அவற்றைத் தொடாதீர்கள். ரசிகர்களிடம் மாடல்கள் கேட்டுப் பெற லெகோ பொம்மை நிறுவனம் நடத்தும் லெகோ ஐடியாஸ் தளம் இதில் தெளிவாக இருக்கிறது: ஒரு ரசிகரின் மாடலுக்கு 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் பரிசீலிப்பார்கள், தயாரிப்புக்கு வந்தால் நிகர விற்பனையில் 1 சதவீதம் உருவாக்கியவருக்கு. தொகையைவிட, அது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தேவையான பாடம். நீங்கள் யோசனை கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் இப்படி நாலு வரி போடுங்கள்: "நீங்கள் அனுப்பும் யோசனையை அப்படியே அல்லது மாற்றி நான் பயன்படுத்தலாம். பயன்படுத்தினால் உங்கள் பெயரைச் சொல்வேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். முதல் தொகுப்பில் ஒரு பை உங்களுக்கு. இதே யோசனை எனக்கோ வேறு ஒருவருக்கோ முன்பே தோன்றியிருக்கலாம்." முழு டிசைனையே தருபவருக்கு ஒருமுறைத் தொகையோ, விற்ற பைக்கு இவ்வளவு என்றோ பேசுங்கள். லாபத்தில் பங்கு மட்டும் வேண்டாம். விற்ற எண்ணிக்கையை இருவரும் எண்ணிப் பார்க்கலாம், லாபம் என்பது உங்கள் கரண்ட் பில்லையும் உழைப்பையும் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சண்டை அங்கேதான் வரும்.

சேர்ந்து செய்யலாம் என்கிற அந்த இரண்டு பேருடன் முதலில் டிசைனில் இறங்காதீர்கள். எந்தத் துணி துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது, எது சாயம் விடுகிறது, எந்த ஜிப் சீக்கிரம் போகிறது என்ற சோதனைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டு முடிவுகளை ஒரே தாளில் போடுங்கள். ஒருவருடைய குணம் இதிலேயே தெரிந்துவிடும், எடுத்துக்கொண்டு மட்டும் போகிறவர் யார் என்பது சில வாரங்களில் புரியும். பிறகு டிசைனுக்குப் போனால், பிரிந்துபோனால் அதை யார் தைக்கலாம், எந்தப் பெயரில் விற்கலாம் என்று சேரும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. தனியாளுக்குத் தட்டுப்பாடு யோசனையில் இல்லை, நேரத்தில்தான். அதனால் ஒரு சமயத்தில் ஒரு பிரச்சினையை மட்டும் வெளியே வையுங்கள், தீர்ந்த பிறகு அடுத்தது. தைக்க நேரமில்லாமல் நோட்டில் கிடக்கும் உங்கள் மாடல்களைப் பேட்டர்னாக விற்கவும் யோசியுங்கள், உள்ளே இருப்பதை வெளியே அனுப்புவதும் ஓப்பன் இன்னோவேஷனில் பாதிதானே. அப்படி விற்றால், வாங்கியவர் அதைத் தைத்து விற்கலாமா, எத்தனை பை வரை, யார் பெயரில் என்பதைப் பேட்டர்ன் விற்கும் பக்கத்திலும் அதன் முதல் தாளிலும் எழுதிவிடுங்கள். பின்னால் சேர்க்கும் நிபந்தனை ஏற்கனவே வாங்கியவர்களைக் கட்டுப்படுத்தாது.