லேசர் வெட்ட மாட்டேங்குது: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் சின்ன லேசர் மெஷின் வைத்திருப்பவர்கள் கேட்டவையும் பதில்களும். பெரும்பாலும் கே40 வகை, அதாவது 40 வாட் என்று சொல்லி விற்கும் கார்பன் டை ஆக்சைடு ட்யூப் மெஷின் பற்றியவை. அதில் இருக்கும் 700 மி.மீ. நீள ட்யூப் உண்மையில் 30 முதல் 35 வாட் வரைதான் தரும். இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

காரைக்குடி: அண்ணே, நிலைக்கதவு மாடல் செய்து விற்கிறேன். 3 மி.மீ. எம்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை. முன்பு விநாடிக்கு 10 மி.மீ. வேகத்தில் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடும். இப்போது 5-க்குக் குறைத்தும் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ட்யூப் போச்சா?

ட்யூப் மேல் பழி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பவரையும் கூட்டாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கியும் விழவில்லை என்றால், ஒளி வரும் வழியில் எங்கோ வீணாகிறது. முதல் சந்தேகம் லென்ஸ். எம்.டி.எஃப். புகையில் இருக்கும் பசை லென்ஸின் அடிப்பக்கத்தில் பழுப்பாகப் படியும். அந்தப் படிவம் ஒளியை உறிஞ்சி லென்ஸைச் சூடாக்கும். சூட்டில் ஃபோகஸ் நகரும். அப்படியே விட்டால் ஒருநாள் விரிசல்.

கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அழுத்தித் தேய்க்கவே கூடாது, லென்ஸ் செய்திருக்கும் ஜிங்க் செலினைடு மென்மையானது. உடைந்தாலோ சுரண்டினாலோ அந்தத் தூள் நச்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது வளைந்த பக்கம் மேலே, தட்டைப் பக்கம் பலகையைப் பார்த்து. தலைகீழாக மாட்டினாலும் வெட்டும், அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை. கோடு தடித்துவிடும், ஆழம் போகாது. கையோடு ஒளியைத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகளையும் துடைத்துவிடுங்கள். லென்ஸ் மாட்டிய தலையில் இருக்கும் மூன்றாவதுதான் அதிகம் அழுக்காகும்.

அதே நண்பர்: துடைத்தேன், இப்போது 8-ல் விழுகிறது. ஆனால் இடது பின் மூலையில் மட்டும். வலது முன் மூலையில் பாதி ஆழம்தான்.

அலைன்மென்ட், அதாவது கண்ணாடிகள் வழியே ஒளி போகும் நேர், விலகியிருக்கிறது. கே40-இல் ஒளி இடது பின் மூலையிலிருந்து கிளம்புகிறது. வலது முன் மூலைதான் தொலைவு. சின்ன விலகல்கூட அங்கே போகும்போது பெரிதாகிவிடும்.

இரண்டாவது கண்ணாடியின் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அந்தக் கண்ணாடி இருக்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளி, 5 மில்லியாம்பியருக்குள் வைத்து டெஸ்ட் பட்டனை ஒரு தொடு தொடுங்கள். சட்டத்தை முன்னால் இழுத்து இன்னொரு தொடு. இரண்டு கரும்புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழவில்லையானால் முதல் கண்ணாடியின் திருகுகளைத் திருப்பி, தொலைப் புள்ளியைக் கிட்டப் புள்ளி இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான்: தொலைப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். நடு இப்போது வேண்டாம், இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் போதும்.

அடுத்து டேப்பைத் தலையின் வாயில் ஒட்டி, தலையை இடது கடைசி, வலது கடைசி என்று நகர்த்தி, இரண்டாவது கண்ணாடியைத் திருத்துங்கள். கடைசியாக நாஸில், அதாவது ஒளி வெளியே வரும் கூம்பு முனை, அதன் அடியில் டேப். வட்டத்தின் நடுவில் ஒரே புள்ளி விழ வேண்டும். புள்ளிக்குப் பக்கத்தில் பிறை போல இன்னொரு கருக்கல் தெரிந்தால் ஒளி நாஸில் சுவரில் இடிக்கிறது. அந்த இடிப்பு ஒன்றே வெட்டும் திறனில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும்.

ஒவ்வொரு தொடுதலுக்கும் மூடியை மூடுங்கள், இந்த லேசரின் அலைநீளமான 10,600 நானோமீட்டருக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ப்ளக் மாட்டியிருக்கும்போது ட்யூப் அறையைத் திறக்கவே வேண்டாம், அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது.

கானாடுகாத்தான்: காலையில் நன்றாக வெட்டுகிறது, மதியம் 2 மணிக்கு மேல் வெட்டுவதில்லை. ட்யூபைக் குளிரவைக்க, முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீரைப் பித்தளை அண்டாவில் ஊற்றி அதில் பம்ப் போட்டிருக்கிறேன். போர் தண்ணீரில் உப்பு என்பதால்.

போர் தண்ணீரை ஒதுக்கியது சரி, ஆச்சி. ஆனால் ஓட்டில் வழிந்து வந்த மழைத் தண்ணீரில் தூசியும் பாசி விதையும் இருக்கும், பித்தளையிலிருந்து உலோகமும் கரையும். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்தால் உயர் மின்னழுத்தம் அதன் வழியே கசியும். அண்டாவை எடுத்துவிட்டு 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி வையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி நிரப்புங்கள்.

மதியப் பிரச்சினைக்குக் காரணம் சூடு. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ட்யூபின் வெளிச்சம் தெளிவாகக் குறையும். நம் ஊர்ச் சித்திரை வைகாசியில் வாளித் தண்ணீர் சும்மா இருந்தாலே 32-க்கு வந்துவிடும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடியோடு வாளியில் போடுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாகக் கொட்ட வேண்டாம். 22 முதல் 26-க்குள் வைத்தால் போதும். வெளிநாட்டு வீடியோக்களில் 18 என்பார்கள். இங்கே ஈரப்பதத்தில் 18-க்கு இறக்கினால் ட்யூப் மேல் வியர்க்கும், அது நேராக ஷார்ட்டுக்குப் போகும்.

சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் பெட்டி, வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: சிடபிள்யூ-3000 என்பது ரேடியேட்டரும் ஃபேனும் மட்டுமே. அறை 36 என்றால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. குளிரூட்டும் கம்ப்ரஸர் சிடபிள்யூ-5000 முதல்தான்.

ஆத்தங்குடி: ஆத்தங்குடிக் கல் டிசைனை 5.5 மி.மீ. பலகையில் மாதிரிக்கு வெட்டுகிறேன். இரண்டு ஓட்டம் விட்டும் போகவில்லை, ஓரம் கரியாகிறது.

மூன்று விஷயம். கடையில் எம்.டி.எஃப். என்று கேட்டு எச்.டி.எச்.எம்.ஆர். என்ற ஈரம் தாங்கும் பலகை வாங்கி வந்திருக்கிறீர்களா? அது அடர்த்தி அதிகம், இந்த ட்யூபுக்குக் கஷ்டம். ஒரே அளவுத் துண்டு இரண்டை எடை போட்டாலே தெரிந்துவிடும்.

எம்.டி.எஃப். தான் என்றால் ஃபோகஸ் பாருங்கள். கே40 லென்ஸ் வழக்கமாக 50.8 மி.மீ. ஒரு துண்டுப் பலகையின் ஒரு முனையை 20 மி.மீ. தூக்கிச் சாய்த்து வைத்து நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோடு எங்கே மிக மெல்லியதாக இருக்கிறதோ அந்த உயரம்தான் உங்கள் ஃபோகஸ். தடித்த பலகைக்கு ஃபோகஸை மேல்பரப்பில் வைக்காமல் பலகையின் நடுவில், அதாவது இரண்டே முக்கால் மி.மீ. கீழே வையுங்கள். பலகை வளைந்திருந்தால் காந்தம் வைத்து அமுக்குங்கள். ஒன்றரை மி.மீ. தூக்கினாலே போதும், ஃபோகஸ் போய்விடும்.

மூன்றாவது, வெட்டும் இடத்தில் ஊதும் காற்று. மீன் தொட்டிப் பம்ப் போதாது. வெட்டுக் குழிக்குள் புகை தங்கினால் ஒளியை அதுவே தடுக்கும், ஓரமும் கருகும். காற்று கம்ப்ரஸர் இணைத்தால் நடுவில் எண்ணெய், நீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். இல்லையென்றால் அந்த எண்ணெய் லென்ஸில் போய் வறுபடும்.

தேவகோட்டை: டயோடு லேசர், 450 நானோமீட்டர். கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் ஒரு கீறல்கூட விழவில்லை.

விழாது. அந்த நீல ஒளி தெளிவான அக்ரிலிக் வழியாக அப்படியே வெளியே போய்விடும். கறுப்பு அக்ரிலிக் வெட்டும். தெளிவானதுதான் வேண்டும் என்றால் கார்பன் டை ஆக்சைடு மெஷினுக்கு மாறுங்கள்.

கோட்டையூர்: போர்டு வேலைக்கு சன்போர்டு வெட்டலாமா? ஓரம் மஞ்சளாகிறது.

உடனே நிறுத்துங்கள். அது பி.வி.சி. ஃபோம். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் தண்டவாளமும் கண்ணாடியும் துருவேறிவிடும். எந்தத் தாளாவது சந்தேகமாக இருந்தால், செம்புக் கம்பியைச் சிவக்கச் சுடவைத்து அதன்மேல் ஒரு தொடு தொட்டு, கம்பியைத் தீயில் காட்டுங்கள். ஜுவாலை பச்சையானால் குளோரின் இருக்கிறது. அதைக் கத்தியால் வெட்டுங்கள்.

பள்ளத்தூர்: 4 மி.மீ. பிளைவுட், ஒரே தாளில் சில இடம் விழுகிறது, சில இடம் விழவில்லை.

உள் அடுக்கில் ஓட்டையை மரப்பட்டியால் அடைத்திருப்பார்கள், அங்கே பசை கட்டியாக இருக்கும். வாட்டர் புரூஃப் பிளையில் கருத்த ஃபீனாலிக் பசை, அது இன்னும் மோசம். ஐப்பசி மழைக்குச் சுவரோரம் சாய்த்து வைத்த தாளென்றால் ஈரமும் சேர்ந்திருக்கும். தட்டையாக அடுக்கி, மேலே பாரம் வைத்து, உலர்ந்த அறையில் சில நாள் விட்டுப் பாருங்கள். விழாத இடங்கள் அதே இடத்திலேயே தொடர்ந்தால் பலகையின் குற்றம், மெஷினை நோண்ட வேண்டாம்.

பள்ளத்தூர்: எல்லாம் பார்த்தாயிற்று. ட்யூப் தான் என்று எப்படி உறுதி செய்வது?

மில்லியாம்பியர் மீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், மெஷின் காட்டும் பவர் சதவீத எண் எதையும் சொல்லாது. முள் மேலே ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை. 15 வரை ஏறியும் வெட்டு பலவீனம் என்றால் தடித்த அக்ரிலிக் துண்டு ஒன்றை முதல் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, மூடியை மூடி, 10 மில்லியாம்பியரில் 3 விநாடி சுடுங்கள். அதேபோல் இன்னொரு துண்டை, லென்ஸைக் கழற்றிவிட்டு, தலைக்குக் கீழே. முதல் துண்டில் ஆழம், இரண்டாவதில் மேலாக மட்டும் என்றால் கண்ணாடிகளில் இழக்கிறீர்கள். இரண்டிலும் மேலாகவே இருந்தால் ட்யூப்.

தினசரி வேலைக்கு 15 மில்லியாம்பியரைத் தாண்ட வேண்டாம். 20-ல் ஓட்டினால் ஆயுள் வேகமாகக் குறையும். ட்யூபுக்குள் காற்றுக் குமிழி நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் முனை மேலே பார்த்து இருந்தால் நிற்காது. பழைய வீட்டு வயரிங்கில் பல இடத்தில் எர்த்தே கிடையாது, இருந்தாலும் கோடையில் செம்மண் காய்ந்து எர்த் குழி வேலை செய்யாது. குழியில் தண்ணீர் ஊற்றி, எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிட்டுப் புது ட்யூப் மாட்டுங்கள்.

அதே நண்பர்: கையில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் உள்ளே வாயு கெட்டுக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது வாங்குங்கள், பார்சலைப் பிரித்த உடனே இரு முனைக் கண்ணாடியிலும் விரிசல் பார்த்து, தயாரித்த தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.