பறியும் கேட் பாஸும்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் கணவர் அனல்மின் நிலையத்தில் 14 ஆண்டுகளாகச் சாம்பல் வாரும் ஒப்பந்தத் தொழிலாளி. என் தம்பி ஆற்றில் இறால் பிடிப்பவன். "நிலக்கரியை நிறுத்தினால்தான் ஆறு பிழைக்கும்" என்று அவன் சொன்னால் வீட்டில் சண்டை. யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகி, அத்திப்பட்டு

பதில்: சகோதரி, இருவர் பக்கமும் இருக்கிறது. கொசஸ்தலையாற்றில் பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்களை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். சேறு மெத்தென்று இருந்தால்தான் விரல் இறங்கும். சாம்பல் படிந்து இறுகிய இடத்தில் விரலும் இறங்காது, இறாலும் தங்காது. உங்கள் தம்பி தன் கைக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்.

உங்கள் கணவரின் பயமும் எனக்குப் புரிகிறது. திருவொற்றியூரில் என் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை ஒருநாள் காலையில் பூட்டிக் கிடந்தது. அப்பா நிரந்தரத் தொழிலாளி. தாமதமாக வந்தாலும் கணக்குத் தீர்த்துப் பணம் வந்தது. அடுத்த வீட்டு மாமாவும் அதே இயந்திரத்தில்தான் நின்றார். ஆனால், அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை என்று சொல்லி ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. பழைய கேட் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் அலைந்தார். அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1970 முதல் ஓடிய 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. மற்றவையும் ஒருநாள் மூடப்படும். அது எப்படி நடக்கப்போகிறது என்பதுதான் கேள்வி. ஜெர்மனி 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவதாக 2020லேயே சட்டம் போட்டது. நிலக்கரியை நம்பியிருந்த வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. 58 வயதைத் தாண்டி வேலை இழப்பவருக்கு, ஓய்வூதியம் தொடங்கும்வரை அதிகபட்சம் 5 ஆண்டுகள் உதவித்தொகை உண்டு. நம் கஜானா அவ்வளவு பெரியதில்லை என்பார்கள். ஆனால், யார் யார் வேலை இழப்பார்கள் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைக்கக் கஜானா எதற்கு? அந்தப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளியும் இருக்க வேண்டும், ஏற்கெனவே பிழைப்பை இழந்த உங்கள் தம்பியும் இருக்க வேண்டும். 2015ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட, சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளாதாரத்துக்கு நியாயமாக மாறுவதற்கான வழிகாட்டுதல்களும், மாற்றத்தைத் திட்டமிடும்போது தொழிலாளரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்கின்றன.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ஒப்பந்தக்காரர் எத்தனை முறை மாறினாலும் வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தரப்படும் யுஏஎன் எண் மாறாது. பாஸ்புக்கை அச்செடுத்து, 14 ஆண்டுகளும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் இப்போதே எழுத்து மூலம் கேளுங்கள். தம்பியின் மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டையையும் அதே கோப்பில் வையுங்கள்.

கேள்வி: சூழலியல் பொருளியல், நாங்கள் படிக்கும் பொருளியலிலிருந்து எப்படி வேறுபடுகிறது?
- கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா 1940களிலேயே இதைப் பேசிவிட்டார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை தேங்கிக் கிடக்கும் இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும், அதற்காக மனிதர்கள் அடித்துக்கொள்வார்கள். காடும் பயிரும் ஓடிக்கொண்டே இருக்கும் வரவு. இருப்பைக் கரைத்துச் செலவழிப்பதை வருமானம் என்று எழுதக் கூடாது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். அள்ளுவதற்குக் கொடுத்த கூலி நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் வரவாக ஏறும். எண்ணெய் பூசிய அலையாத்தி மரங்களின் கேடு அதே கணக்கில் கழிக்கப்படாது. உங்கள் வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொல்லி, ஏன் கழிப்பதில்லை என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.