கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய், பிள்ளைகள் இல்லாமல் கணவனும் மனைவியும் மட்டும் சூப்பர்ஹீரோ படம் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

இரவு செகண்ட் ஷோ போகலாம் என்று யோசித்தால், முதலில் அதைக் கைவிடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பையன், எட்டு மாதக் கைக்குழந்தை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆயா என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்களுக்குத் தோதானது வேலை நாளில் காலைக் காட்சிதான். இருவரும் ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள். சனி, ஞாயிறு சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் புதுச்சேரியை நிறைத்துவிடுவார்கள். ஞாயிறன்று காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு.

கணக்கு இப்படி. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு 9.30க்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்புங்கள். தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான், ஆனாலும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம் வரை வண்டி ஓடிவிடும். அரியாங்குப்பம் தாண்டி மரப்பாலம் சிக்னலில்தான் நேரம் கரையும். அதற்கப்புறம் ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட் வழியாகப் போகிற தியேட்டர் என்றால், கேட் போட்டிருந்தால் இன்னும் பத்து நிமிடம் போச்சு. 11 மணிக் காட்சியில் விளம்பரம், டிரெய்லர் 15 நிமிடம், படம் 140 நிமிடம், இடைவேளை 15 நிமிடம். வெளியே வர 1.50 ஆகும். முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு, 2.40க்குப் புறப்பாடு, 3.40க்கு வீடு. நாலு மணிக்குப் பள்ளி விட்டால் சரியாக இருக்கும். படம் மூன்று மணி நேரம் என்றால் இந்தக் கணக்கு உடையும்; அப்போது சாப்பாட்டைக் கடலூரில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ விளம்பரம், இடைவேளை சேர்க்காமலே 181 நிமிடம்.

கைக்குழந்தை விஷயம்தான் இதில் கவனம் கேட்பது. ஆறு மணி நேரம் வெளியே இருப்பீர்கள். தாய்ப்பால் எடுத்து வைப்பதென்றால் வேளைக்கு 100 முதல் 120 மில்லி வீதம் இரண்டு பாட்டில், கைவசம் இன்னொன்று. ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். கடலூர் வெயிலில் வெளியே வைத்து நம்ப முடியாது. பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடாக்கச் சொல்லுங்கள், அடுப்பில் நேராக வேண்டாம். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆயாக்களுக்குப் பாலைக் கொட்ட மனசு வராது, அதனால் இதை அழுத்திச் சொல்லிவிட்டுப் போங்கள். கிளம்புவதற்குச் சற்று முன் பால் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கும் மார்பு கட்டுவது குறையும். பிரெஸ்ட் பேடும் ஏசிக்கு ஒரு துப்பட்டாவும் கைப்பையில் இருக்கட்டும்.

ஆயாவுக்காக ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுகிற சீட்டில் எழுத மறப்பது காய்ச்சல் மருந்து. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. அட்டை ஒரே மாதிரி இருக்கும். பெரியவனுடைய பாட்டிலிலிருந்து சின்னதுக்கு அதே அளவு ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். டாக்டர் சொன்ன மில்லி அளவை அந்தந்தப் பாட்டில் மேலேயே பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுங்கள்.

டிக்கெட் பதிவில் சறுக்குவது இரண்டு இடம். ஒரே படம் ஆங்கிலம், தமிழ், 2டி, 3டி என்று நாலு வகையாக இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்து அழுத்தினால் வேறொன்று வந்து சேரும். இரண்டாவது, சீட் வரைபடம். ஏ வரிசை சில அரங்கில் முன்னால், சிலதில் பின்னால். திரை எந்தப் பக்கம் என்று வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு, திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நடுவில் எடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் 3டியைத் தவிர்ப்பது நல்லது. கண்ணாடிமேல் கண்ணாடி, நழுவிக்கொண்டே இருக்கும். படமும் மங்கலாகத் தெரியும்.

படத்தின் தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். 2024 விதிகளின்படி யுஏ என்பது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ மாதிரி பெரியவர்களுக்கு மட்டுமான ஏ சான்றிதழ் படமென்றால் பையனைக் கூட்டிப்போகவே முடியாது. ‘என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க’ என்பதற்கு இதைவிடச் சுத்தமான பதில் கிடையாது.

ஹாலிவுட் படத்தில் இடைவேளை என்று ஒன்று எடுக்கப்பட்டிருக்காது. நம் தியேட்டர்காரர்கள் பாதியில் வெட்டுவார்கள், பேசிக்கொண்டிருக்கிறவர் வாய் மூடுவதற்குள் லைட் போட்டுவிடுவதும் உண்டு. வீட்டுக்குப் போன் அப்போது ஒருமுறை. அரங்குக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம், வராண்டாவுக்கு வந்து பேசுங்கள். பாப்கார்ன் வரிசையில் ஒருவர், போனில் ஒருவர்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். சூப்பர்ஹீரோ படங்களில் அதன்பிறகும் துண்டுக் காட்சிகள் வைப்பார்கள்: முதலாவது பெரிய பெயர்கள் முடிந்ததும் வரும், இன்னொன்று கடைசியில். நடுவில் கிராபிக்ஸ் கலைஞர்கள் பெயரெல்லாம் நிமிடக் கணக்கில் ஓடும். லைட்டைப் போட்டு விளக்குமாறோடு ஆள் வந்து நிற்பார், அசையாதீர்கள். ஆனால் எல்லாப் படத்திலும் அது இருக்காது, எண்ட்கேமில் இல்லை. முன்கூட்டியே தேடிப் பார்த்துவிட்டால் இல்லாத காட்சிக்காகக் காத்திருந்து பள்ளி மணியைத் தவறவிட வேண்டாம்.

திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். யாராவது சொன்னார்கள் என்று புதுச்சேரி மது பாட்டில் எதையும் டிக்கியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். டூவீலர் என்றால் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.