ரீமேப் செய்த வண்டியில் வேகம் கூடியதா? எப்படி அளப்பது?

வில்லியனூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “என் 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு ஏர் ஃபில்டர், ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சர் (புகை தடையில்லாமல் வெளியேறும் வகை), ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) எல்லாம் செய்தேன். போன் ஆப்பில் 0-100 நேரம், அதாவது நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் எட்டும் நேரம், 12.4 நொடியிலிருந்து 11.7 ஆகியிருக்கிறது. ஓட்டும்போது அப்படி ஒன்றும் தெரியவில்லை. தனியாக மீட்டர் வாங்கலாமா?”

முதலில் ஒன்று சொல்லுங்கள். 12.4 வந்த அன்று போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா? உங்கள் வண்டி ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் கிலோ. எழுபது கிலோ நண்பரை இறக்கிவிட்டாலே முக்கால் நொடி குறையும். பைசா செலவில்லாத அப்கிரேடு!

போனில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் வேகத்தைச் சொல்லும். அதை வைத்து அரை நொடி வித்தியாசத்தைப் பிடிக்க நினைப்பது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. தனி ஜிபிஎஸ் மீட்டர்கள் நொடிக்குப் பத்து முறையாவது அளக்கும், அதனால் வாங்குவதானால் அந்த வகையையே வாங்குங்கள்.

முடுக்கத்தை அளந்து அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் ஆக்சிலரோமீட்டர் வகையை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் மூக்கு தூக்கும். ஒரு டிகிரி சாய்ந்தாலே, புவியீர்ப்பில் ஒரு பங்கையும் முடுக்கம் என்று எண்ணி, பன்னிரண்டு நொடியில் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்டிவிடும். ஒரு சித்திரை மாதத்தில் எனக்கே இது நடந்தது. ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் குறைந்துகொண்டே வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பார்த்தால், வெயிலில் ஹோல்டரின் ரப்பர் இளகி, மீட்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் சாய்ந்திருக்கிறது.

நல்ல மீட்டர் இருந்தாலும் ரோடு ஏமாற்றும். நம் பக்கம் எல்லாம் சமதரைதானே என்பீர்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும். உங்கள் வண்டிக்கு ஏறும்போது அரை நொடி கூடும், இறங்கும்போது அரை நொடி குறையும். அதனால் ஒரே இடத்தில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். வெயிலும் சும்மா விடாது: 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி நான்கு சதவீதம் குறைவு, டர்போ இல்லாத உங்கள் இன்ஜினின் பவரும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். விடிந்ததும் அளப்பதே நல்லது. டயர் காற்று, பெட்ரோல் அளவு, ஏசி அணைப்பு இதெல்லாம் எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். மீட்டரின் செட்டிங்கில் ‘ரோல்அவுட்’ என்று ஒன்று இருக்கும். முதல் ஓரடி தூரத்தைக் கணக்கில் விட்டுவிடும், கால் நொடிக்குக் குறையாமல் லாபம் காட்டும். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் அளக்கும்போது இதை ஒரே மாதிரி வையுங்கள்.

0-100-ஐ விட மூன்றாம் கியரில் 40-80 எடுங்கள். கிளட்ச் விடும் கைப்பக்குவம் அதில் குறுக்கிடாது.

இனி உங்கள் பழைய அளவை நம்ப முடியாது. ரீமேப் செய்தவரிடம் கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல்லி, பழைய ஃபில்டரையும் சைலன்சரையும் மாட்டி அளந்து, பிறகு புதியதைப் போட்டு அளந்து, மறுபடி பழையதில் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு ஓட்டமாவது வேண்டும்.

இதையெல்லாம் ஈசிஆரில் செய்யாதீர்கள். பொது சாலையில் வேகப் பரீட்சை, பந்தயம் நடத்துவதைத் தண்டிக்கவென்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் 189-வது பிரிவு இருக்கிறது, ஜெயில் வரை போகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடும் நாள்) நடக்கும்போது போங்கள். மீட்டரை இப்போதே வாங்க வேண்டாம், அங்கே வருகிறவர்களிடம் கேட்டால் ஒரு நாளைக்குத் தருவார்கள்.