ஐ.சி.யூ.வில் அப்பா பிதற்றுகிறார்: ஊசி போட்டால் தெளிந்துவிடுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. நிமோனியாவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இரவிலிருந்து எங்களை அடையாளம் தெரியவில்லை. இறந்துபோன அண்ணனோடு பேசுகிறார். ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்குகிறார். ஹாலோபெரிடால் ஊசி போட்டிருக்கிறார்கள். அது மனநோய் மருந்தாமே? இதில் குணமாகிவிடுமா? தூங்கவைத்துவிடச் சொல்லலாமா?

பதில்: உங்கள் தந்தைக்குப் புத்தி பேதலித்துவிடவில்லை. கடும் நோயின்போது மூளை நிலைதடுமாறும் இந்தக் குழப்பத்தை டெலிரியம் என்போம். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் பிதற்றுவார்.

ஹாலோபெரிடால் ஆர்ப்பாட்டத்தைத் தணிக்கும், அவ்வளவுதான். 2018இல் வெளியான மைண்ட்-யு.எஸ்.ஏ. ஆய்வில் ஐ.சி.யூ. நோயாளிகள் 566 பேரில் சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு அதே வகை மருந்தான சிப்ராசிடோன், மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி என்று கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மருந்தும் குழப்பத்தின் நாட்களைக் குறைக்கவில்லை. பிறகு ஏன் போடுகிறார்கள்? குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தைக் கடத்தக் குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பதில் தவறில்லை. இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து என்பதால் ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்வார்கள். தந்தைக்குப் பார்க்கின்சன் நோய் இருந்தால் உடனே சொல்லுங்கள். அவர்களுக்கு இது ஆகாது.

தூக்க மருந்து கேட்காதீர்கள். மிடாசோலம், லோராசிபாம் போன்றவை அப்போதைக்கு ஆளை அமைதியாக்கும். குழப்பத்தை வளர்த்தும் விடும்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ‘மூன்றாம் நாள்’ எனக்கு உறுத்துகிறது. தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் இதே போன்ற குழப்பமும் கைநடுக்கமும் வரும். அதற்கு மட்டும் லோராசிபாம் வகைதான் முதல் மருந்து. நம் வீடுகளில் அப்பாவின் குடியை வெளியே சொல்லக் கூச்சப்படுவோம். இந்த ஒரு இடத்தில் அந்தக் கூச்சம் ஆபத்தானது. பல வருடங்களாக இரவில் போட்டுவந்த தூக்க மாத்திரை நின்றுபோயிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

வென்டிலேட்டரில் இருப்பவரின் ஆர்ப்பாட்டத்தால் அந்தக் கருவியை விலக்க முடியாமல் போனால் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து உதவும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கக்கூடும் என்பதால் கண்காணிப்பு வேண்டும்.

மருந்தைவிட முக்கியம், காரணத்தைத் தேடுவது. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: ஆக்சிஜன் போதுமா, சோடியம் குறைந்திருக்கிறதா, நோய்த்தொற்று கட்டுக்குள் வந்ததா, வலிக்கு மருந்து போகிறதா, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, மலம் போய் எத்தனை நாளாயிற்று? வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைப்பு ஒன்றே இவ்வளவும் செய்யும். அலர்ஜிக்குப் போடும் பெனிரமின் ஊசியும் குழப்பத்தைத் தூண்டலாம்.

மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். முதலில் அவற்றைக் கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். பார்க்க விடும் நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், என்ன கிழமை, ஏன் மருத்துவமனையில் இருக்கிறார் என்று நிதானமாகச் சொல்லுங்கள். அண்ணனைப் பற்றி வாதாட வேண்டாம். திடீரென்று மந்தமாகி, பேச்சற்றுப் படுத்துவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். டெலிரியத்துக்கு அப்படியும் ஒரு முகம் உண்டு, செவிலியரிடம் சொல்லுங்கள்.

வார்டுக்கு மாற்றும்போதும் வீட்டுக்கு அனுப்பும்போதும் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஐ.சி.யூ.வில் ஆரம்பித்த ஹாலோபெரிடாலோ அதே வகையான கொயட்டியாபினோ யாரும் நிறுத்தாமல் அப்படியே தொடர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எப்போது நிறுத்துவது என்று கேட்டு, தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.