லோகோ இருக்கட்டும், வாசல் எந்தப் பக்கம்?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஊரின் கடைத்தெருவில் சிறிய டிபன் கடை நடத்துகிறேன். நகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நகர மையத்தைச் சீரமைக்கப்போகின்றனவாம். ஊருக்குப் புதிய லோகோவும் வருகிறதாம். வியாபாரிகளைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். நான் என்ன கேட்பது?

பதில்: லோகோ எந்த நிறத்தில் வந்தாலும் அதனால் உங்கள் கடையில் ஒரு தோசை கூடுதலாக விற்காது. புதிய கட்டடங்களின் வாசல் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். தெருவுக்குச் சுவரைக் காட்டி, உள்ளேயே உணவகமும் நடத்தினால் மாணவர்கள் உங்கள் பக்கம் ஏன் வரப்போகிறார்கள்?

பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பல காலம் அக்கம்பக்கத்துக்கு முதுகைக் காட்டியே கட்டடம் எழுப்பியது. 1994-இல் ஜூடித் ரோடின் தலைவரான பிறகுதான் போக்கு மாறியது. வால்நட் தெருவும் 36-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், கார்கள் மட்டுமே நின்ற மனையில், புத்தகக் கடையும் ஹோட்டலும் தெருவைப் பார்த்து எழுந்தன. 1997-இல் தொடங்கிய 'யுனிவர்சிட்டி சிட்டி டிஸ்ட்ரிக்ட்' என்ற அமைப்பு, நடைபாதையைப் பெருக்கவும் தெருவில் ரோந்து சுற்றவும் ஆள் வைத்தது. அங்கே துடைப்பத்துக்குத்தான் முதல் மரியாதை.

அடுத்தது பணம். பீனிக்ஸ் நகரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நகர மைய வளாகத்துக்காக 22.3 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட, 2006 மார்ச்சில் மக்களே வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். நகரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. உங்கள் ஊரிலும் யார் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகம் வாங்கும் மனைக்குப் பெரும்பாலும் சொத்து வரி கிடையாது. அந்த வரி இழப்பு யார் தலையில் விழும்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் இதைப் பல ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2020-இல் அது நகரின் அரசுப் பள்ளிகளுக்குப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தது.

கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆண்டு முழுக்க இயங்கும் அலுவலகமோ மருத்துவ மையமோ வளாகத்தில் வருமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஒன்றை மட்டும் கூட்டத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். தெரு களைகட்டினால் வாடகையும் ஏறும். உங்கள் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவதாக இருந்தால், புதுப்பிக்கும் உரிமையையும் உயர்வுக்கு உச்சவரம்பையும் கட்டட உரிமையாளரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். திட்ட வரைபடம் பத்திரிகையில் வந்த மறுநாள் அவர் இந்த விலைக்குப் பேச மாட்டார்.